அப்பா தண்ணீர் குடிக்காமல் இருந்த கோடை

பாளையங்கோட்டை,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் டார்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் இப்போது சுகமாயிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி எஸ்றாவும் அங்கே நல்லபடியாய் இருக்க வேண்டுமென்று கேட்காமல் ஒரு நாளும் நான் முழங்காலிலிருந்து எழுந்ததில்லை. அங்கே இப்போதுதான் பனி உருகுகிறது என்று சொன்னாய், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆற்றில் குறுக்குத்துறைப் பாறையெல்லாம் வெளியே தெரிகிறது, குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் அவர் தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதே. உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ கடை கடையாய் ஏறி இறங்கி ஆசையாய்த் தேர்ந்தெடுத்து வைத்த அந்தச் சுவரில் தொங்குகிற டாய்லெட்டை எடுத்துவிட்டோம். போன வருஷமே அது கெட்டுப்போயிற்று. சுவருக்குள்ளே இருக்கிற தொட்டி ஒழுகி ஒழுகி மாடி டேங்க் காலியாகும், ஒருதரம் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணீர் போய்விடும். சரி பார்க்கலாமென்றால் அந்த மாடலுக்குச் சாமான் இப்போது வருவதில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல் வால்வை மூடிவிட்டு, பின்பக்கத் தொட்டியிலிருந்து நான் வாளியில் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இடது கை தூக்க வராது, வலது கையில் கம்பு, வாளியை எப்படித் தூக்குவார். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. மாற்றிவிடுவோம் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன், “பிள்ள ஆசையா வச்சது, அதப் போயி உடைக்கச் சொல்லுதியே” என்று ஒரே பிடிவாதம்.

சித்திரை பிறந்ததும் அவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. நீ போனில் ஏன் அப்பா குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டபோது இருமல் என்று சொன்னேனே, அது ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான். அவ்வளவு தூரத்திலிருந்து நீ பதறுவாய் என்று சொல்லவில்லை. சிறுநீரில் கிருமி ஏறி ரத்தம் வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்குமாம். தண்ணீர் நிறையக் குடிக்கிறாரா என்று கேட்டதற்கு இவர், “நல்லாக் குடிக்கேன் டாக்டர், வேளாவேளைக்கு இவ கொண்டு தாராளே” என்று சாதித்துவிட்டார். நானும் ஆமாம் என்றேன். தம்ளர் எப்போதும் காலியாகத்தானே திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனவள், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்தேன். அப்பா ஜன்னல் கம்பி வழியாய்க் கையை நீட்டி, தம்ளரைப் பைய வெளியே கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதும் கையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். எத்தனை வருஷம் மைதானத்தில் விசிலோடு நின்று, ஓடி வந்த பிள்ளைகளையெல்லாம் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று விரட்டிய டிரில் மாஸ்டர்! பிறகு உண்மையைச் சொன்னார். “ஒவ்வொரு தடவையும் நீ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வாளி தூக்கிட்டு வாரத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? உள்ள உக்காந்து பொண்டாட்டிய கூவிக் கூப்பிடுத மாதிரி ஆயிட்டேனே சௌந்தரி. அதுக்குத் தாகத்தோடயே இருந்துட்டுப் போறேன்.” எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாய் வந்தது. “நீங்க செத்துப் போனா நான் யாருக்கு வாளி தூக்க?” என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாதுதான். அதற்குமேல் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை, அன்றைக்கே மேலப்பாளையம் பிளம்பர் பீர்மைதீனைக் கூப்பிட்டுவிட்டேன்.

சுவரை உடைத்துப் பூச இரண்டு நாள் ஆகும் என்றார் பீர்மைதீன். அந்த இரண்டு நாளும் எங்கே போவது? பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அப்பா கேட்கவும் விடவில்லை, போகவும் மாட்டேன் என்று கம்பை ஊன்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டார், காலையில் காப்பிகூட வேண்டாம் என்றுவிட்டார். உடைக்கிற சத்தத்திலேயே பக்கத்து வீட்டுச் சிவசங்கரன் அண்ணாச்சிக்கு விஷயம் விளங்கியிருக்கும் போல. படியேறி வந்து, “சார்வாள், இந்தச் சத்தத்துக்குள்ள எப்படி இருக்கிய? எனக்கும் ஒத்தையில பொழுது போகல, வாங்க, ஒரு ஆட்டம் செஸ் போடுவோம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனதும் அவர் மகள் கோமு மோர் கொண்டு வந்து வைத்தாளாம். அண்ணாச்சி காயை நகர்த்திக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், “பாத்ரூம் அங்கன வலது கைப்பக்கம் சார்வாள், பிடிக்கதுக்குக் கம்பி இருக்கு, எங்க அப்பாவுக்குன்னு போட்டது” என்றாராம். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாளும் அப்பா அங்கேதான் கிடந்தார், மோரும் குடித்தார். அந்த மனுஷனுக்கு நான் எப்படி நன்றி சொல்ல, நீ வரும்போது கோமுவுக்கு நல்லதாய் ஏதாவது வாங்கி வா.

புதிது தரையில் உட்கார்ந்தபடி இருக்கிறது, ஆடாது. தண்ணீர் கொஞ்சமாய்ச் செலவாகிற மாடல், பெரிதுக்கு ஒரு பட்டன், சிறிதுக்கு ஒரு பட்டன், விரல் வைத்தாலே போதும். சின்னப் பட்டனுக்கு இரண்டு செம்புத் தண்ணீர்தான் போகிறது, மாடி டேங்க் இப்போது அடுத்த முறை தண்ணீர் வருகிற வரைக்கும் தாங்குகிறது. நேற்று முன்தினம் நான் அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. அப்பா என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறுத்து கதவு திறந்தது, கோயிலில் பாடுகிற சங்கீதம் ஒன்றை வாய்க்குள் முனகிக்கொண்டே நடந்து போனார். கல்லில் தோசை கருகிவிட்டது, நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

நீயும் வேலை வேலை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே, எஸ்றாவுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டில் கொடுத்து அனுப்பு. கர்த்தர் உங்கள் மூவரையும் தம்முடைய நிழலில் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதையெல்லாம் நான் எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரியக்கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த பிறகும் போனில் ஆஸ்பத்திரியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார், புது டாய்லெட்டில் இரண்டு பட்டன் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்றுதான் நீட்டி முழக்குவார். புதிதாய்க் கேட்பதுபோல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள், இடையில் அழுதுவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஞானசௌந்தரி