கன்னையா அங்கிள் நாடி பார்த்த பூ

பிரிக்ஃபீல்ட்ஸ்,
ஞாயிறு

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், ஹாலந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா பிடுங்கிப் பேசிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கம்பெனி புதிதாக விற்கப்போகும் பூ சாதாரண வீட்டு ஜாடியில் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்கச் சொல்லி, டெங்கில் தோட்டத்திலிருந்து புங்கா காந்தான் இஞ்சிப்பூவை அனுப்ப வைத்தாயே, அன்றிலிருந்து இது வீடாகவே இல்லை. பழம் பக்கத்தில் இருந்தால் பூ சீக்கிரம் வாடும் என்றாயாம், வாழைப்பழத்தை நான் வெளியே படிக்கட்டில் நின்று சாப்பிடுகிறேன். சாமிக்கு ஊதுபத்தியும் கிடையாது. இதழ் பாதிக்குமேல் கறுத்தால் முடிந்தது என்று எழுதச் சொல்லியிருந்தாய், அப்பாவுக்கு எழுத மனம் வரவில்லை, இன்னும் உயிர் இருக்கு லா என்பார். கடைசியில் மேல்மாடி கன்னையா அங்கிளைக் கூட்டி வந்தார், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அல்லவா. அவரும் டார்ச் அடித்து, காம்பைப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் போயிருச்சு ரெங்கசாமி, மனசத் தேத்திக்க என்றார். நான் சாவு வீட்டில் கலக்குவதுபோல் காப்பி கலக்கிக் கொடுத்தேன். கடைசிப் பூவில்தான் சண்டை. அப்பா வேற டாக்டரப் பாக்குறேன் என்று சொல்லிவிட்டார், அங்கிள் கோபித்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

நேற்று கிள்ளானிலிருந்து உன் பெரியம்மா வந்தார். அப்பா தூங்கும்போது புளிப்பு மீன்குழம்பில் நூடுல்ஸ் போட்டு அசாம் லக்சா வைத்தார், சமைக்கிற பூவ ஏன் ஹால்ல வெச்சிருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே, நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்தக் கடைசிப் பூவை நறுக்கிப் போட்டுவிட்டார். நல்லவேளை, ஜாடியில் பூ மருந்து எதுவும் கலக்கவில்லை, வெறும் தண்ணீர்தான். அப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார், வாசனை பிரமாதம் என்றார், அப்புறம்தான் ஜாடியைப் பார்த்தார். காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அதில்தான் எனக்குப் பயமாகிவிட்டது. கன்னையா அங்கிளைக் கூப்பிட்டேன். அவர் கோபத்தை மறந்து இறங்கி வந்து, கிண்ணத்தை எட்டிப் பார்த்து, இது இயற்கை மரணம் இல்ல, ரிப்போர்ட்ல தனியாத்தான் எழுதணும் என்றார். பெரியம்மா ஊற்றிய லக்சாவை அவரும் சாப்பிட்டார்.

எல்லோரும் போனபிறகு அப்பா என்னிடம், இனிமே அவ எதுக்கு டெய்லி கூப்பிடுவா என்று கேட்டார். பூ எப்படி இருக்கிறது என்று நீ தினம் சாயங்காலம் போனில் கூப்பிட்டாய், அதற்கு முன்னால் தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும்தான். குறை சொல்லவில்லைம்மா, உன் வேலை அப்படி.

நோய்நொடி இல்லாமல் நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும். காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. ஆராய்ச்சிக்கு வேறு ஏதாவது பூ சீக்கிரம் அனுப்பு, சமைக்க முடியாததாகப் பார்த்து.

இப்படிக்கு
உன் அம்மா இராஜம்மா