பதினொன்றாம் பாடத்தில் மை

ஆகஸ்ட் 9, 2011

அருமை மகள் ரொவீனாவுக்கு வர்ஜீனியாவிலிருந்து அம்மா எழுதுவது.

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. தோட்டத்தில் தக்காளி இன்னும் காய்த்துக்கொண்டே இருக்கிறது. அலாஸ்காவில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை போட்டுவிடு. மருமகன் கர்ட்டிஸ் ராணுவப் பயிற்சியிலிருந்து எப்போது திரும்புகிறார் என்று எழுது. அவர் பெயரை ஜெபத்தில் ஒரு நாளும் விட்டதில்லை.

நீ அனுப்பிய பெட்டி போன செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு சரித்திரப் புத்தகங்களும் மூலை மடங்காமல் இருந்தன. மேலே நீ வைத்திருந்த சீட்டை என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். "அம்மா, இந்த வருஷம் பிள்ளைங்களுக்கு சரித்திரத்துக்கு எதை எடுக்கறதுன்னு ஒரே குழப்பமா இருக்கு. நீ படிச்சுட்டுச் சொல்லு" என்று எழுதியிருந்தாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவளிடம் பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்கச் சொல்கிற மகள் யாருக்குக் கிடைப்பாள்? ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். பாஸ்டரின் மனைவி, "சிஸ்டர் லூவீனியா, இதோட எனக்கு மூணாவது தடவ சொல்றீங்க" என்று சிரித்தார்கள். நாலாவது தடவையும் சொன்னேன்.

நீ ஜோனாவையும் ஹாட்டியையும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது போலவே செய்து பார்த்தேன். பாடத்தை ஒரே ஒரு தடவை சத்தமாக வாசிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், கேட்டவர் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த மாணவி உன் அத்தை எர்லீன். அறுபத்தெட்டு வயதில் இப்படிப் படுத்துகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. முதல் பக்கம் முடிவதற்குள், "டீச்சர், பிஸ்கட் எப்போ தருவீங்க?" என்று கையைத் தூக்கினாள்.

பழுப்பு அட்டைப் புத்தகம் சிருஷ்டிப்பில் தொடங்குகிறது. நோவா, எகிப்து, கிரேக்கம், ரோமாபுரி என்று நடந்து நம் காலத்துக்கு வர நாலு வருஷம் ஆகுமாம். நான் வாசித்து முடித்ததும் எர்லீன் எகிப்தைத் திருப்பிச் சொன்னாள் பார், உன் அப்பா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். "பார்வோன் கெட்டவன் மட்டுமில்ல லூவீ, மரமண்டை. பத்து அடி வாங்கியும் புத்தி வரலயே!" என்றாள். அந்தப் புத்தகத்தில் ஒரு கஷ்டம் உண்டு. அம்மாக்காரிதான் முன்கூட்டியே எல்லாம் படித்து, நூலகத்தில் வேறு புத்தகங்களும் தேடி வைக்க வேண்டும். அங்கே அதற்குத் துணை யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

நீல அட்டைப் புத்தகம் முழுக்க அமெரிக்கச் சரித்திரம். அம்மா என்ன பேச வேண்டும் என்பதையே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஹாட்டி வண்ணம் தீட்டப் படங்கள், ஜோனா நிரப்பக் கோடிட்ட இடங்கள். முதன்முதலில் குடியேற வந்தவர்கள் கப்பலில் முழங்காலிட்டு ஜெபிக்கிற படம் எனக்கும் பிடித்தது. ராணுவ முகாமில் உள்ள தாய்மார்கள் எல்லாரும் இதைத்தான் வைத்து வியாழக்கிழமைகளில் சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள், உன் மனமும் அதில்தான் சாய்கிறது என்றாய். எனக்குப் புரிகிறது, மகளே. புருஷன் மாதக் கணக்கில் வெளியே, குளிர்காலம் வந்தால் வாசலில் மார்பளவு பனி. அந்தப் பெண்கள் உனக்கு வேண்டும்.

ஆனால் பதினொன்றாம் பாடம் நம் வர்ஜீனியாப் புகையிலைப் பண்ணைகளைப் பற்றியது. அடிமைகளில் பலர் நல்ல எஜமான்களிடம் சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்று இருந்தது. பாடத்தின் கடைசியில், "அடிமைகள் இயேசுவைப் பற்றித் தங்கள் ______ எஜமான்களிடம் கற்றார்கள்" என்று ஒரு கோடு. அம்மாவுக்கான பக்கத்தில் விடையும் இருந்தது: அன்பான.

நான் புத்தகத்தை மூடி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். எர்லீன் மூடிய புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "இத நான் சொல்ல மாட்டேன். வேணும்னா முட்டை மார்க் போட்டுக்கோ" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பேனாவை எடுத்து அந்தக் கோட்டை அடித்துவிட்டேன். ஓரத்தில் இடம் போதாமல் கீழேயும் எழுதினேன்: "அடிமையாக இருந்த என் பாட்டியின் தாய் டைசி இயேசுவைத் தன் அம்மாவிடம் கற்றாள். புதருக்குள் நனைத்த போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்டு, சத்தம் எஜமானுக்குக் கேட்காதபடி ஜெபித்தார்கள். பிடிபட்டவர்களுக்குச் சவுக்கடி."

எழுதி முடித்த பிறகுதான் எர்லீன் உள்அட்டையைப் பார்த்தாள். "வீட்டுப்பள்ளித் தாய்மார் குழுவின் புத்தகம். எதுவும் எழுதாமல் திருப்பித் தரவும்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, பேனாவாலயா எழுதின? பென்சில் எதுக்குடி கண்டுபிடிச்சாங்க?" இரவல் புத்தகத்தைக் கெடுத்தது தப்புதான். குழுத் தலைவியிடம் என் பெயரைச் சொல், வேறொரு புத்தகம் நான் வாங்கி அனுப்புகிறேன். ஆனால் எழுதிய வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ரொவீனா, புத்தகத்தில் இருக்கிற பொய்க்கு இவ்வளவு கோபப்பட்டவள் உனக்கு ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். படிப்பில் மனசு போகவில்லை, நானே நின்றுவிட்டேன் என்றுதானே உன்னிடம் சொல்லியிருக்கிறேன்? பதினைந்து வயதில் என்னோடு சண்டை போட்டபோது நீ கூட, "உன்ன மாதிரி சோம்பேறியா பாதியில நிக்க மாட்டேன்" என்றாய். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நான் நிற்கவில்லை, மகளே. ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஐந்தாம் வகுப்புத் தேறினேன். வெள்ளைப் பிள்ளைகளும் நம் கறுப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. அதற்கு நம் மாவட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரர்கள், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று எல்லாவற்றையும் மூடி, கதவில் சங்கிலி போட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பள்ளி நடந்தது. எங்களுக்கு ஐந்து வருஷம் ஒன்றுமில்லை. நார்த் கரோலினாவில் ஒரு சபைக் குடும்பம் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள முன்வந்தது. உன் மாமா ஆல்டன் போனான், நான் புகையிலைக் காட்டுக்குப் போனேன். திரும்பத் திறந்தபோது எனக்கு வயது பதினாறு. சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அந்த மேசைக்குள் என் முழங்கால் நுழையவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ அதே ஊர்ப் பள்ளியில், கதவைப் பூட்டியவர்களின் பேரப்பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது. மனசில் கசப்போடு நீ உள்ளே போகக்கூடாது என்று மறைத்தேன். அது சரியோ தப்போ, நீ நன்றாகப் படித்தாய். இன்று என் பேரப்பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் நீ இருக்கிறாய். அதற்காகக் கர்த்தருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

கேட்டதால் சொல்கிறேன், பழுப்பு அட்டையை எடு. நாலு வருஷம் ஆனாலும் அது பிள்ளைகளை ஏமாற்றாது. மாத முடிவுக்குள் ஆர்டர் போட வேண்டும் என்றாய், தள்ளிப்போடாதே. வியாழக்கிழமைப் பெண்களை விட்டுவிடாதே. கணக்கு, பாட்டு, தையல் என்று வேறு எதற்காவது சேர்ந்துகொள். ஒருவேளை தனியாக முடியாது என்று நீலத்தையே எடுத்தாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீதான் டீச்சர். அப்போது பதினொன்றாம் பாடத்தை மட்டும் அந்தப் பெண்கள் கையில் விடாதே. அந்த வியாழக்கிழமை எனக்குப் போன் போடு. ஒலிபெருக்கியை அழுத்தி மேசை நடுவில் வை. அந்தப் பாடத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஜோனாவுக்கு எட்டு வயது, ஹாட்டிக்கு ஆறு. தாங்குவார்களா என்று யோசிப்பாய். பள்ளியைப் பூட்டியபோது எனக்குப் பதினொன்று, என்னை யாரும் கேட்கவில்லை. பயமுறுத்தாமல் சொல்லுவேன். எங்களை வழி நடத்தி வந்த கர்த்தரைப் பற்றியும் சொல்லுவேன், அதுதான் கதையில் பெரிய பங்கு.

நான் போனில் பேசும்போது நீயும் வேலையை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார், கண்ணே. காகிதத்தில் எழுத வராததும் கொஞ்சம் இருக்கிறது. கர்த்தர் உன் வீட்டைக் காத்து, உன் நாவில் உண்மையை வைப்பாராக.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்
அம்மா