மேலே போகிற பஸ், கீழே வருகிற பஸ்

செப்டம்பர் 14

அன்புக்கும் அடாவடிக்கும் ஒருங்கே உரிய என் அக்காள் மகள் கூழாங்கல்லுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே மலை நலம். மலைமேல் இருக்கும் கல்லூரி நலம். ஸ்டேஷனுக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவே தான் பஸ் ஓட்டுவதால்தான் பூமி சுற்றுகிறது என்று நம்பும் உன் மாமனும் நலம். அங்கே நீயும் உன் அம்மாவும் அவளுடைய கோபமும் சௌக்கியமா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறந்த உடனே அக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "உங்க மாமன் சொல்றதையெல்லாம் பத்தால வகுத்துக்கோடி" என்கிறாள். ஒரு மனிதன் தன் ஆயுளில் எத்தனை தடவைதான் வகுபடுவது? கடிதத்தில் அவளால் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கல்லையும் கவிதையையும் சேர்த்துப் படிக்கப் போவதாக அறிவித்தாயாம். "கல்லும் கவிதையும் படிச்சா சோறு யாருடி போடுவா?" என்று அக்கா கேட்டாளாம். "மாமா போடுவாரு" என்றாயாம். போடுவேன். ஆனால் என் சமையலைச் சாப்பிட்டவர்கள் இரண்டாம் முறை வந்ததாகச் சரித்திரத்தில் சான்று இல்லை.

நீ சொல்லும் அந்த லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு என் மலைமேல்தான் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். அப்புறம்தான் எது உன் பாடம் என்று சொல்ல வேண்டுமாம். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அவகாசம் தருவதில்லை. உலகத்தில் பாதிப் பேர் விண்ணப்பம் போடுகிறார்கள். என் பஸ்ஸில் அடங்குகிற அளவுதான் எடுக்கிறார்கள். அதில் ஒரு சீட் உனக்கு என்று நான் எப்போதோ முடிவு செய்தாயிற்று. கல்லூரிக்கு இன்னும் தகவல் போகவில்லை, அவ்வளவுதான்.

என்ன வேண்டுமானாலும் கேள். என் பஸ்ஸின் உள்கண்ணாடியில் தெரியாத ரகசியம் அந்தக் கல்லூரியில் கிடையாது.

இப்படிக்கு,
மலைப்பாதையின் ஏகபோகச் சக்கரவர்த்தி,
உன் மாமா

அக்டோபர் 2

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. "என்னவாம் உங்க மாமனுக்கு?" என்று அம்மா கேட்டாள். படித்துக் காட்டு என்று சொல்லவில்லை. ஆனால் நான் படித்து முடிக்கும் வரை, மடித்து வைத்த துணிகளையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும் மாமா. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கல் படிக்கிறவர்கள் வெளியே போவார்களா, இல்லை கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதோடு சரியா? ஒரே அறையில் இருக்கிறவளோடு ஒத்துப்போகாவிட்டால்? வீட்டு ஞாபகம் வந்தால் அங்கே என்ன செய்வார்கள்?

கட்டுரை ஒன்று கேட்கிறார்கள். "நீ யார்" என்பதுதான் தலைப்பு. இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் யார் என்று எனக்கே தெரிந்தால் எதற்குக் கல்லூரிக்குப் போகிறேன்?

அம்மா மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறாள். நான் போய்விட்டால் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. கேட்டால், "எனக்குக் கை இல்லையா? நீ பாட்டுக்குப் போடி" என்கிறாள். அதை எதால் வகுப்பது என்று தெரியவில்லை.

உங்கள்
கூழாங்கல்லு

பி.கு: பத்தால் வகுத்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிற மாதிரி எழுதவும்.

அக்டோபர் 20

சந்தேகமே உருவான என் மருமகளுக்கு,

உத்தரவுப்படி, உண்மையைத் தவிர வேறு எதையும் அதிகமாக எழுதவில்லை.

வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். வட்ட மேஜை. வாத்தியாரம்மாவும் அதிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். "கடைசி பெஞ்சே இல்லண்ணே, படிக்காம வந்தா ஒளிய இடமில்ல" என்று ஒரு பையன் என்னிடம் அழாத குறை. மனித குலத்துக்கு இழைக்கப்பட்ட மாபெரும் கொடுமை என்று அவனைத் தேற்றினேன்.

கல் படிக்கிறவர்கள் சரிவில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பையோடு ஏறினால் பஸ்ஸின் பின்பக்கம் தரையில் உரசும், முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்க்கும். நட்சத்திரங்களை அடையாளம் வைத்து ஓட்டி வந்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் குழந்தையைப் போல ஒரு கல்லை மடியில் வைத்திருந்தாள். "அண்ணே, இதுக்கு வயசு முப்பது கோடி வருஷம்" என்றாள். "அவ்வளவு வயசானவங்களுக்கு டிக்கெட் கிடையாதும்மா" என்றேன்.

கவிதை படிக்கிறவர்கள் தொந்தரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இறங்க மறந்துவிடுவார்கள். ஒரே டிக்கெட்டில் மேலும் கீழுமாக இரண்டு முறை போய்வருவார்கள்.

ஒரே அறையில் இருக்கும் இரண்டு பெண்கள் எனக்குப் பழக்கம். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டு, பஸ்ஸில் ஒருத்தி முதல் சீட்டிலும் ஒருத்தி கடைசிச் சீட்டிலும் உட்காருவார்கள். குளிர் வந்ததும் ஒரே மப்ளரை இருவரும் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். யார் ஜெயித்தது என்று கேட்டேன். "ஜன்னல்தான்" என்றார்கள்.

வீட்டு ஞாபகம் பற்றிக் கேட்டாய். திறப்பு நாளில் பெட்டி, தலையணை, பிள்ளை, பெற்றோர் எல்லாம் மேலே போகும். ஒரே இரைச்சல். சாயங்காலம் கீழே வரும்போது பெட்டி இல்லை, பிள்ளை இல்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வரும். அப்போது நான் உள்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். அவ்வளவுதான் ஒரு டிரைவரால் முடியும்.

பிள்ளைகளுக்கு அந்த ஞாபகம் மூன்றாவது வாரம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏறுவார்கள். ஸ்டேஷனில் இறங்கி ஒரு ரயில் போவதைப் பார்ப்பார்கள். அதே பஸ்ஸில் திரும்ப ஏறுவார்கள். நான் டிக்கெட் கிழிப்பதில்லை.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜைக்கு இன்னொரு நாற்காலி வாங்கியிருக்கிறேன். எனக்கு விருப்பமே இல்லை. கடைக்காரர் காலில் விழுந்து கதறினார். இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வந்தால் நின்றுகொண்டா சாப்பிடுவாய்?

இப்படிக்கு,
முன்சக்கரம் தரையில் படாமல் ஓட்டும் வித்தகன்,
உன் மாமா

ஜனவரி 17

அன்புள்ள மாமா,

நேர்காணல் முடிந்தது. கம்ப்யூட்டர் திரையில்தான். வயதான அம்மா ஒருவர். கட்டுரையில் நான் என் கற்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து நிறையக் கேட்டார். அப்புறம், "எங்கள் கல்லூரியைப் பற்றி உனக்கு யார் சொன்னார்கள்?" என்றார். உங்கள் பஸ்ஸை ஓட்டுகிற என் மாமா என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "'அடுத்த நிறுத்தம் நூலகம், அறிவுள்ளோர் இறங்கலாம், மற்றோர் என்னோடு வரலாம்' என்று சொல்கிறவரா?"

ஆமாம் என்றேன், வெட்கமாக. அவர் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "ஒருநாள் ஒரு நாற்காலியைப் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம், என் அக்கா மகள் வரப் போகிறாள், அவளுக்குத்தான் என்று ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். அது நீயா?"

நான்தான் என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

கடைக்காரர் காலில் விழுந்தாரா மாமா?

கடலோரத்தில் இருக்கும் இன்னொரு கல்லூரிக்கும் போட்டிருக்கிறேன். அங்கேயும் கல்லும் கவிதையும் உண்டு. "ஒண்ணையே நம்பிட்டு உட்காராத" என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அது உங்கள் ஊருக்கு நேர் எதிர்த் திசை. சும்மாதான் போட்டேன்.

உங்கள்
கூழாங்கல்லு

மார்ச் 29

மாமா,

உங்கள் மலை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ரொம்ப மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். தகுதியானவர்கள் நிறைய, இடம் குறைவு என்று. மூன்று முறை படித்தேன். மரியாதை கூடிக்கொண்டே போனதே தவிர இடம் வரவில்லை.

கடலோரம் வா என்கிறது. மே முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் போகவில்லை மாமா. ஒரு வருடம் இங்கேயே இருந்துவிட்டு, கட்டுரையை நன்றாக எழுதி, மறுபடி மலைக்கே போடப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில்.

நீங்கள் எழுதியதையெல்லாம் பத்தால் வகுத்துத்தான் படித்தேன். அந்த நாற்காலியை மட்டும் முடியவில்லை. ஒரு நாற்காலியைப் பத்தால் வகுத்தால் என்ன வரும்?

கூழாங்கல்லு

ஏப்ரல் 6

என் கண்ணே கூழாங்கல்லே,

செய்தி கிடைத்ததும் பஸ்ஸை மலை உச்சியில் குறுக்கே நிறுத்தி, கல்லூரியைச் சரணடையச் சொன்னேன். மூன்று நாள் முற்றுகை. முதல்வர் வெள்ளைக் கொடியோடு வந்தார். மன்னித்து அனுப்பிவிட்டேன். பத்தால் வகுத்தால், அதே நேரத்துக்குத்தான் பஸ் எடுத்தேன், அதே இடத்தில்தான் நிறுத்தினேன். ஆனால் நூலகம் வந்தபோது "அறிவுள்ளோர் இறங்கலாம்" என்று சொல்ல வாய் வரவில்லை. "என்னண்ணே உடம்பு சரியில்லையா?" என்று அந்த முப்பது கோடி வருஷக் கல்லுக்காரி கேட்டாள். தொண்டை என்றேன்.

இப்போது கவனமாகப் படி. கடலோரத்துக்கு இன்றைக்கே சரி என்று எழுது.

நாற்காலியைப் பற்றி உனக்கு வீண் கவலை. அதற்கு நிற்க நேரமில்லை. காலையில் என் யூனிபார்ம் சட்டை அதில் உட்காருகிறது. மத்தியானம் செய்தித்தாள். ஞாயிற்றுக்கிழமை என் கால். நீ வந்தால்கூட இடம் இருக்குமோ என்னவோ.

மூன்றாவது வாரம் ஸ்டேஷன் வரை வந்து ரயிலைப் பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி எழுதினேன் இல்லையா? அவர்களிடம் எனக்குப் பிடித்தது, அவர்கள் திரும்ப ஏறுவதுதான். மாமனுக்காக ஒரு வருடம் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிட்ட பெண்ணை நான் எந்தக் கண்ணாடியில் பார்ப்பேன்?

நீ வராததில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். அக்கா அதை எதால் வகுப்பாளோ என்று பயந்து அடித்துவிட்டேன்.

போய்ப் படி. கடலிலும் கல் உண்டு.

உன் மாமா

செப்டம்பர் 23

அன்புள்ள மாமா,

கடலோரக் கல்லூரியிலிருந்து எழுதுகிறேன். இங்கே காற்று எப்படி என்றால், நேற்று நான் வகுப்புக்குக் கிளம்பினேன், என் கட்டுரைதான் முதலில் போய்ச் சேர்ந்தது. வாத்தியார் அதற்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் நான் உள்ளே நுழைந்தேன். என்னோடு அறையில் இருக்கிறவள் தூக்கத்தில் பேசுகிறாள். நல்ல கருத்துகள். குறிப்பெடுத்துக்கொள்கிறேன். (நீங்களும் வகுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதுதான் தெரிகிறது, இப்படி எழுதினால் அழுகை கொஞ்சம் தள்ளிப்போகிறது.)

இங்கேயும் வட்ட மேஜைதான். நேற்று முழுக்க ஒரே ஒரு கூழாங்கல்லைக் கையில் கொடுத்து, இதைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்றார்கள். கல் வகுப்பா கவிதை வகுப்பா என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது வாரம் சரியாக வந்துவிட்டது மாமா. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் வரை போய், ஒரு ரயிலைப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறினேன். இங்கே டிக்கெட் கிழித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள். அம்மா மருந்துக் கடையில் லீவு சொல்லிவிட்டாள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார்கள். இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். என் அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து இன்னொன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் காலில் விழுந்து கதறினாள், எடுத்துக்கொள் என்று.

உங்கள்
கூழாங்கல்லு

அக்டோபர் 16

அன்புள்ள கூழாங்கல்லுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அக்காவும் போன் செய்துவிட்டாள்.

பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போவது எனக்குப் புதிது. உன் கல்லூரிக்கு வந்தபோது அந்த டிரைவர் திருப்பங்களில் பிரேக் போட்டதைப் பற்றி அக்காவிடம் விடாமல் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். "வாய மூடிட்டு வாடா, அவரும் மனுஷன்தான்" என்றாள். உன் அறை, உன் ஜன்னல், நீ வரிசையாக அடுக்கி வைத்த கற்கள், தூக்கத்தில் பேசுகிற அந்தப் பெண், எல்லாம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நாற்காலி நல்ல நாற்காலி. உரியவளிடம் திருப்பிக் கொடுத்தாயா?

சாயங்காலம் எங்களை ஏற்றிவிட்டு நீ கையாட்டிக்கொண்டு நின்றாய். வளைவு திரும்புகிற வரை நின்றாய். ஒரு நிமிடம் கழித்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யாரோ பாவம் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா இப்படி மானத்த வாங்குற?" என்று அக்கா கைக்குட்டையை நீட்டினாள். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

ஒரு ஏரி அளவு அழுதேன் என்று உனக்கு எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிக்கோ" என்றாள். "இத வகுக்க மாட்டேன்."

முன்னால் டிரைவரின் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வளைவுக்கு முன் அவர் ஒரு கையைத் தூக்கி, உள்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார்.

உன் மாமா