என் கறுத்த பியர்

1987 ஜனவரி 11

மூன்றாவது தடவையும் பியர் புளித்துவிட்டது. இருபது லீற்றரையும் சலவை அறைச் சாக்கடைக்குள் ஊற்றினேன். கீழ்வீட்டு ஃப்ராவ் லிண்ட்னர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பழம் அவித்துப் போத்தலில் அடைக்கிற அவருடைய மின்சாரப் பானையில்தான் காய்ச்சுகிறேன், அதனால் அவர் சிரிக்கலாம்.

என் புருசன் சிரிக்கவில்லை. ஹோட்டல் குசினியில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தவர், பியர் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை எனக்காக மறுபடி வாசித்துத் தமிழில் சொன்னார். எழுதிக்கொண்டேன். எனக்கு ஜெர்மன் தெரியாது; இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் காதும் வாயும் இவர்தான். அகதி அலுவலகம், டொக்டர், வீட்டுக்காரர், யாரிடமிருந்து கடிதம் வந்தாலும் இவர் வாசித்துச் சொன்னால்தான் எனக்கு விளங்கும்.

பிழை என்னுடையது. மூடியை அடிக்கடி திறந்து பார்க்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒன்பது வருசம் வேலை செய்தவள் செய்கிற காரியமா இது?

1987 பெப்ரவரி 22

மருந்துக்கடையில் அயடீன் வாங்கினேன். முளைவிட்ட பார்லியின் மால்ட் கரைசலில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் நீலமானது, மாப்பொருள் இன்னும் மீதம். இருபது நிமிசம் கழித்து மறுபடி ஒரு துளி விட்டேன், நீலமாகவில்லை. எல்லாம் சர்க்கரையாகிவிட்டது. வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு சலவை அறையில் தனியாக நின்றபோது, இந்த ஊரில் முதல் முறையாக எனக்கு ஏதோ தெரியும் என்று தோன்றியது.

1987 மார்ச் 15

ஏழு போத்தல் வெடித்தன. அவசரப்பட்டு அடைத்துவிட்டேன்.

1987 நவம்பர் 8

வந்துவிட்டது. கறுத்த பியர். நிலக்கரி அறையில் எட்டுப் பாகையில் ஏழு கிழமை கிடந்தது. நுரை கிளாஸின் விளிம்பில் ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. கருகிய பாண் வாசம், கடைசியில் மெல்லிய கசப்பு.

இவருடைய கூட்டாளிகள் வந்திருந்தார்கள். குருமூர்த்தி இரண்டாவது கிளாஸை நீட்டி, "ரட்ணம் அண்ணை, கடையில இப்பிடிச் சாமான் இல்லை" என்றார். அவர்களோடு வந்த பாலாம்பிகை அக்கா குசினிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை மலர், நீர் கசிப்பு, கள்ளச்சாராயம் காய்ச்சிறீர் எண்டு சனம் கதைக்குது. ஊருக்குக் கடிதம் போக முன்னம் நிப்பாட்டும்."

எல்லோரும் போன பிறகு இவர் சொன்னார்: "நான்தான் காய்ச்சிறனான் எண்டு சொல்லுவம். உமக்கு ஏன் கெட்ட பேர்?"

என் பெயரைக் காப்பாற்ற இவ்வளவு யோசிக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்தது. ஓம் என்றேன்.

1988 ஏப்ரல் 17

தேவாலயத் திருவிழாவில் வீட்டுப் பியர் காய்ச்சுகிறவர்களுக்குப் போட்டியாம். ஃப்ராவ் லிண்ட்னர் படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். இவர் அதை மேலிருந்து கீழ் வரை வாசித்தார்.

"ஆம்பிளையளுக்கு மட்டும் எண்டு போட்டிருக்கு."

"இந்த நாட்டிலயுமோ?"

"பியர் எண்டால் எல்லா நாட்டிலயும் அப்பிடித்தான்."

இவர் பெயரை நிரப்பினோம். பன்னிரண்டு போத்தலையும் நான் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன்.

1988 மே 15

இரண்டாம் பரிசு! வீட்டு வாசலிலேயே நின்று "மலர், மலர்" என்று கூப்பிட்டார். அழுதுவிட்டேன். என்னுடைய பியர். எங்களுடைய பியர்.

1988 மே 29

என் குறிப்புக் கொப்பியை இவர் ஜெர்மனில் எழுதுகிறார். "பக்கத்தில பக்கத்தில வச்சு வாசிச்சால் உமக்குப் பாஷை வரும்" என்கிறார். லீவு நாளில் மேசையில் குனிந்து, எந்த நாள் எத்தனை பாகை என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். இப்படி ஒரு மனுசன் யாருக்குக் கிடைக்கும்?

1988 ஓகஸ்ட் 6

ஃப்ராவ் லிண்ட்னர் அலமாரி துப்புரவாக்கும்போது பழைய செய்தித்தாள் ஒன்று அகப்பட்டது. இவருடைய படம் இருக்கிறது என்று கூப்பிட்டுக் காட்டினார். பரிசு வாங்கிய மூன்று பேர் நிற்கிறார்கள். நடுவில் ஒரு கிழவர், வலது பக்கம் இவர், இடது பக்கம் பூப்போட்ட சட்டையுடன் ஒரு பெண். கழுத்தில் மூன்றாம் பரிசுப் பதக்கம்.

பெண்.

அவருடைய மனைவியாக இருக்கும் என்று கிழவரைக் காட்டினேன். ஃப்ராவ் லிண்ட்னர் தலையாட்டி மறுத்தார். அந்தப் பெண்ணைத் தொட்டு, கையால் பானை கிண்டிக் காட்டினார்.

1988 ஓகஸ்ட் 7

இவர் வேலைக்குப் போனதும், இவர் கடிதங்களைப் போட்டு வைக்கிற பெட்டியைத் திறந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு காலையில் தொடங்கினேன், முடியும்போது மதியம் தாண்டிவிட்டது.

போட்டிப் படிவத்தின் பிரதி இருந்தது. முதல் வரியிலேயே "பெண்களும் ஆண்களும்" என்று இருக்கிறது.

ஆற்றங்கரைப் பியர் ஆலையின் தலைவர் ப்ருன்னர் இவருக்கு எழுதிய கடிதமும் இருந்தது. தாங்கள் அனுப்பிய குறிப்புகளை வாசித்து வியந்தோம். இவ்வளவு கவனமாகக் காய்ச்சுகிற ஒருவரை இழக்க விரும்பவில்லை. செப்டெம்பர் முதலாம் திகதி பயிற்சிக்கு வரவும். ஜூன் மாதக் கடிதம். எனக்குப் பாஷை வர என்று ஜெர்மனில் எழுதிய என் கொப்பியைத்தான் அனுப்பியிருக்கிறார். இது வந்த அன்று என்ன என்று கேட்டேனே. "பரிசுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கினம்" என்றாரே!

இன்னொன்று அடியில் கிடந்தது. 1986இல் வந்தது. அகதிப் பெண்களுக்கு ஜெர்மன் வகுப்பு, இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று. "இடமில்லையாம்" என்று எனக்குச் சொன்னவர் இவர்தான்.

பியர் போகட்டும். அப்ப அந்த ரெண்டு வருசம்? நான் வாயில்லாமல் இருந்த ரெண்டு வருசம்?

1988 ஓகஸ்ட் 8

கடிதத்தை மேசையில் வைத்து, "வாசியுங்கோ" என்றேன்.

"உதுவோ? வாழ்த்துக் கடிதம்."

"திரும்ப வாசியுங்கோ."

அப்போதுதான் அகராதியைக் கண்டார். கதிரையில் இருந்துவிட்டார். கையைப் பார்த்தார். சவர்க்கார நீரில் ஊறித் தோல் வெடித்த கை.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு, மலர். சாகுமட்டும் சட்டி கழுவவோ? ஆர் போனாலும் சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே?"

"கேட்டிருந்தால் தந்திருப்பன்."

"தந்திருக்கமாட்டீர்."

தந்திருப்பேனா? தெரியாது. அவர் கேட்கவில்லையே. வகுப்புக் கடிதத்தையும் முன்னால் வைத்தேன். அவர் அதை மடித்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

1988 செப்டெம்பர் 1

இன்று ஆலைக்குப் போனார். சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். ஏன் கட்டிக் கொடுத்தேன்?

1988 ஒக்டோபர் 20

கிழமையில் இரண்டு நாள் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். இவரிடம் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை.

வேலையால் வந்தால் கேள்வி. ஈஸ்ட் ஏன் அடியில் படியவில்லை? இந்தச் சூட்டில் ஏன் அரை மணி நிறுத்துகிறார்கள்? முதல் கிழமை பழக்கத்தில் சொல்லிவிட்டேன். இன்று, "புத்தகத்தில இருக்கும், வாசியுங்கோ" என்றேன். முகம் சுருங்கியது. எனக்கு அது இனித்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது.

1988 டிசம்பர் 17

ஆலையில் நத்தார் மதியச் சாப்பாடு. மனைவிமாரும் வரவேண்டுமாம். சேலை உடுத்திப் போனேன். சண்டை போடுகிற எண்ணம் இருக்கவில்லை, சத்தியமாக.

ப்ருன்னர் பெரிய உடம்புக்காரர், மரியாதையான மனுசன். எனக்காக மெதுவாகப் பேசினார். "வீட்டில் உங்கள் கணவருடைய பியரைக் குடிப்பீர்களா?"

சாதாரண உபசாரக் கேள்வி. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். இவர் என் முழங்கையைத் தொட்டார், எனக்காகப் பதில் சொல்ல வாய் திறந்தார். அந்தக் கை பட்டதுதான் தாமதம்.

"இல்லை," என்றேன் ஜெர்மனில். "என்னுடைய பியரைத்தான் அவர் குடிக்கிறார்."

ப்ருன்னர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. கசப்புக்குப் போடுகிற ஹொப் பூவை ஏன் இரண்டு தரமாகப் போட்டீர்கள் என்று என்னிடம் கேட்டார். முதல் தரம் கசப்புக்கு, கடைசி ஐந்து நிமிசம் வாசத்துக்கு என்றேன். வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

பஸ்ஸில் இவர் வேறு இருக்கையில் இருந்தார்.

1988 டிசம்பர் 28

பாலாம்பிகை அக்கா தொலைபேசியில்: "புருசன்ர மானத்தை வெள்ளைக்காரனிட்ட வித்திட்டீராமே." கசிப்புக் கதையைவிட இது வேகமாகப் பரவியிருக்கிறது. எனக்குச் செய்ததை இவர் யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

1989 மார்ச் 12

ப்ருன்னர் கூப்பிட்டு வேலை தந்தார்; ஆலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு இரண்டு மாதம் முடிந்தது. காலை முதல் மதியம் வரை. வெள்ளை மேலங்கியில் என் பெயரைத் தைத்திருக்கிறார்கள், ஓர் எழுத்து பிழை. அது பிழை என்று நானே போய்ச் சொன்னேன்.

இவர் ஆலை வேலையை ஜனவரியிலேயே விட்டுவிட்டார். ப்ருன்னர் போகச் சொல்லவில்லை, இவருக்குத்தான் அங்கே நிற்க ஏலவில்லை. மறுபடி ஹோட்டல் குசினி. வீட்டில் நான் இப்போது காய்ச்சுவதில்லை.

இன்று பின்னேரம் கடையிலிருந்து ஒரு பெட்டி பியர் வாங்கி வந்தார். இரண்டு கிளாஸ் எடுத்து, ஒன்றை எனக்கு முன்னால் வைத்து ஊற்றினார். நானும் குடித்தேன்.

வாய்க்கு நல்லாகவே இல்லை. இரண்டு பேரும் கிளாஸை முடித்தோம்.