பிரிக்காமல் வைத்த கோர்ட்டுக் கவர்

என் உயிரே, என்னைப் பெற்ற நைனா,

போன வாரம் கோர்ட்டு அமீனா வந்து நம் வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அம்மா அந்தக் கதவைத் தொடவே மாட்டேன் என்று பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறாள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

படகு எஞ்சினுக்காக மீன் வியாபாரியிடம் வாங்கிய கடனை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அடைத்தாயே. "புரோநோட்டைக் கிழிச்சிட்டேன்" என்று அவன் சொன்னதை அப்படியே நம்பினாய். கிழிக்கவில்லை, நைனா. அதை வைத்துத்தான் கேஸ் போட்டான். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு அந்தக் கோர்ட்டுக் கவரை வாங்கியவள் நான்.

"பிரிச்சுப் படிக்கட்டா நைனா?"

"இன்னாத்துக்கும்மா? ஊர்ல பேசி முடிச்சாச்சு. ஊரை மீறி கோர்ட்டு இன்னா பண்ணிடும்?"

வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினாய். நீ கண்ணை மூடிய பிறகுதான் எடுத்தேன். கவர் ஒட்டியபடியே இருந்தது. உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. பன்னிரண்டாவது வரை படித்த என் மேல் அதைவிட அதிகம்.

நாம் கோர்ட்டுக்குப் போகாததால் அவன் சொன்னதே தீர்ப்பாகிவிட்டதாம். "சம்மனே வரலைன்னு சொல்லலாமா?" என்று பொன்னேரி வக்கீல் கேட்டார். தபால் ரசீதில் என் கையெழுத்து இருக்கிறதே! பணம் கொடுத்ததைப் பார்த்தவர்கள் சாட்சி சொன்னால் ஏதாவது பார்க்கலாம் என்று, தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்டார்; வியாழக்கிழமை விசாரணை.

ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனேன். உன் பாடையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

"ஊர்ல முடிச்சதை கோர்ட்ல பேசினா கட்டுப்பாடு இன்னாத்துக்கு? நாங்க வரமாட்டோம். நீயா போய்ப் பேசினேன்னு வை, பாட்டுச் சீட்டுல உன் தம்பி பேரு இருக்காது."

ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று எடுக்கும் சீட்டில் பெயர் இல்லாவிட்டால் தம்பி எங்கே போவான்? அவனிடமே கேட்டேன்.

"நீ போய்ச் சொல்லுக்கா. நான் மீஞ்சூர்ல எதுனா கம்பெனில வேலைக்கு நின்னுக்கறேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்கு நம்பிக்கை இல்லை, நைனா. வீடும் போகலாம், ஏரியில் வலை போடும் பாடும் போகலாம். ஆனாலும் வியாழக்கிழமை கூண்டில் ஏறி, நீ கடனை அடைத்தாய் என்று சொல்வேன். இந்தக் கவரை இன்னும் பிரிக்கவில்லை. கேட்க நீ இல்லாவிட்டாலும், ஜட்ஜ் முன்னால் பிரித்து, அன்றைக்கே படித்திருக்க வேண்டியதை உரக்கப் படிப்பேன். இது சத்தியம்.

கவரை வாங்கி உன் கையில் கொடுத்த மகள்,
தேசம்மா