ஓரகத்தி வீட்டு சீலிங்

மார்ச் 3, செவ்வாய்

மழை. வேலை முடிந்து வந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த வாளி நிரம்பி வழிகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், “மழைன்னா ஒழுகத்தான் செய்யும்” என்கிறார். வாடகை வாங்க மட்டும் மழையிலும் வருவார்.

மார்ச் 8, ஞாயிறு

ஓரகத்தியின் புது வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை, தனிக் குளியலறை, பால்கனி வேறு. வாடகை நாங்கள் கொடுப்பதில் பாதி. எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கம் கொடுத்த கடனில், வசதி இல்லாதவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு. பதினாலு வருஷமாக என் சம்பளத்தில் பிடித்த பணமும் அந்தச் சுவரில் இருக்கிறது. குலுக்கலில் வீடு விழுந்ததோ போன வருஷம் சங்கத்தில் சேர்ந்தவளுக்கு! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“எல்லாம் உங்க காசுதான்க்கா. நல்லா சாஞ்சு உக்காருங்க” என்றாள். குத்தினாளா, பிரியமாகச் சொன்னாளா? குத்தினாள்தான்.

கை கழுவப் போனேன். குளியலறை சீலிங்கில் தட்டு அகலத்துக்கு ஈரம். என் மனசு குளிர்ந்தது — நிஜமாகவே.

“மேல் வீட்டுக் குழாய்க்கா. நாளைக்கு ஆள் வந்து சரி பண்றாங்க.”

மார்ச் 11, புதன்

நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் அக்காவிடம் சொன்னேன்: “அந்தக் கட்டடம் ஒழுகுது. என் கண்ணால பாத்தேன்.” குழாய் சமாசாரத்தை விட்டுவிட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

மார்ச் 13, வெள்ளி

‘ஒழுகுது’ என்றது ‘இடியப்போகுது’ என்று என்னிடமே திரும்பி வந்தது.

மார்ச் 20, வெள்ளி

இரண்டாவது கட்டடத்துக்குச் சங்கம் கடன் கொடுக்கலாமா என்று ஞாயிறு கூட்டத்தில் கை தூக்க வேண்டும். முதல் குலுக்கலில் விடுபட்டவர்களுக்குத்தான் அதில் முதலில் வீடு. அதாவது எங்களுக்கு.

அவர் சாப்பிடும்போது சொன்னார்: “கடன் பாஸாகாதுபோல. யாரோ கட்டடம் ஒழுகுதுன்னு கிளப்பி விட்டிருக்காங்க. யாருடி அது?”

எனக்கெப்படித் தெரியும் என்றேன். ஐயோ! என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே. இதை எந்த வாயால் சொல்வேன்?

மார்ச் 22, ஞாயிறு

கூட்டத்தில் இஸ்திரி அக்கா எழுந்து, “ஒழுகுற கட்டடத்துக்கா நம்ம சேமிப்பைக் கொட்டணும்?” என்று கேட்டாள். கை தட்டினார்கள்.

ஓரகத்தி எழுந்தாள். “நாலு தெரு தள்ளித்தான் எங்க வீடு. எல்லாரும் வந்து பாருங்க. அப்புறம் கை தூக்குங்க.”

அந்தத் துணிச்சல் எனக்கு வராது. அதுவும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

கூட்டமே அவள் வீட்டுக்குள் நுழைந்தது. ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒருத்தி அலமாரியைக்கூடத் திறந்தாள். குளியலறையில் காயப்போட்டிருந்த துணிகளை ஓரகத்தி அவசரமாக உருவினாள், முகம் சிவந்துபோய். சீலிங் காய்ந்து, புதுப் பெயின்ட்டோடு பளிச்சென்று இருந்தது.

இஸ்திரி அக்கா என் பக்கம் திரும்பினாள். “அப்போ நீ பாத்தது?”

“மேல் வீட்டுக் குழாய் ஒழுகிச்சு. எங்கக்கா அன்னிக்குத்தான் வந்திருந்தாங்க” என்று ஓரகத்தியே முந்திக்கொண்டாள்.

எல்லோர் முன்னாலும் என்னைக் காப்பாற்றிவிட்டாள். இதை எப்படித்தான் பொறுத்துக்கொள்வது!

கடன் பாஸானது. பதினாலு வருஷம் போட்ட எனக்கும் ஒரு கைதான், நேற்று வந்த அவளுக்கும் ஒரு கைதான். இரண்டும் சேர்ந்துதான் மேலே போயின.

அடுத்த வருஷம், மே 2, ஞாயிறு

எங்கள் புது வீடு. மூன்றாம் மாடி. முதல் ஆளாக ஓரகத்தி வந்தாள். நேரே குளியலறைக்குப் போய் மேலே பார்த்தபடி நின்றாள்.

“என்னம்மா பாக்கறே?”

“ஒழுகுதான்னு பாக்கறேன்க்கா.”

அப்போ அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது! அப்புறம் அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய?

அப்புறம் பால்கனியில் ரொம்ப நேரம் நின்றாள். “எங்களுக்கு முதல் மாடி. உங்களுக்குத்தான் காத்து பிச்சுக்கிட்டு வருது” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

நாற்காலியை இழுத்துப் போட்டேன். “நல்லா சாஞ்சு உக்காரு” என்றேன். பிரியமாகத்தான் சொன்னேன். கொஞ்சம் குத்தலும் இருந்தது.