பொய்வலி என்று ஒரு வார்த்தை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரர் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாப்பிள்ளை, உன் பிள்ளைகள் பெரியவள், சின்னவள் ஐந்து பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ நன்றாக இல்லை என்பது மாப்பிள்ளை உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்தபோதே அவர் குரலில் தெரிந்துவிட்டது, அதனால் இந்தத் தடவை நலமறிய ஆவல் என்று நான் சொல்வது வாய்ப்பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே அறிய வேண்டியிருக்கிறது. போனில் கூப்பிட்டால் நீ அழுகிறாய், இந்தப் பக்கம் உன் அம்மாவும் அழுகிறாள், நான் சொல்ல வந்தது நடுவில் நசுங்கிப் போகிறது, அதுதான் கடிதம். இன்று செவ்வாய், நாளைக்குள் தபாலில் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் ஒரே ஆள் படித்தால் நம்பமாட்டேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான், அதற்கு மாப்பிள்ளை, நான் என்ன மாமா வரியை முழுங்கிடுவேனா என்று கோபித்துக்கொண்டார், ஆனால் நிஜமாகவே ஒரு வரியை முழுங்கித்தான் இருந்தார். பெரியவள் படித்தபோது அது வெளியே வந்தது. அப்பா, நான் வந்துடட்டுமா என்ற வரி.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. நீ லேபர் வார்டு டியூட்டியில் இருந்தபோது தலைப்பிரசவத்துக்காரப் பெண் ஒருத்தி வலி என்று மாமியாரோடு வந்தாள். பெரிய நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு, இன்னும் நாளிருக்கிறது, சொல்லி அனுப்பு என்று உன்னிடம் விட்டார். நீ புத்தகத்தில் உள்ள வார்த்தையை எடுத்து, இது பொய்வலிதாம்மா, வீட்டுக்குப் போயிட்டு நிஜ வலி வந்ததும் வாங்க என்றாய். நீ சொன்னது வலியைப் பற்றி, அவர்கள் காதில் விழுந்தது அந்தப் பெண்ணைப் பற்றி. நான் அப்பவே சொல்லல, இவ நடிக்கிறான்னு என்று மாமியார் சொன்னது உனக்கும் கேட்டது, ஆனால் நீ அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாய். மூன்றாம் நாள் வலி எடுத்தபோது அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. தாங்க முடியாமல் போன பிறகு ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்து, அது சில்லிட்டுப் போய், சூடு காட்டும் பெட்டியில் நாலு நாள் வைத்துத் தேற்றியிருக்கிறார்கள். இப்போது தாயும் பிள்ளையும் ஐந்தாம் வார்டில் நன்றாக இருக்கிறார்கள். நடந்ததை உன் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டியூட்டர் அம்மா, வருகிற திங்கட்கிழமை உன்னைக் கூப்பிட்டு விசாரித்து முடிவு சொல்வார்களாம். அதற்கு முன்னால் நீயே பெட்டியைக் கட்டிவிடலாமா என்று கேட்கிறாய். முப்பத்தெட்டு வயசில், ரெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, தங்கச்சி வயசுப் பெண்களோடு நர்ஸ் படிப்புக்குப் பெஞ்சில் உட்கார்ந்தது எனக்குத் தேவைதானா என்று கேட்கிறாய். எல்லாரும் என்னை அவசரக்காரின்னு கூப்பிடறது சரிதாம்பா, அவ முகத்தைக்கூடப் பாக்காம வார்த்தையை விட்டுட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவுதானே, ஒன்றும் விடவில்லையே.

இதற்குப் பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அந்த வலிக்கு யார் அந்தப் பேரை வைத்தது? வலிக்கிறவளுக்கு அது வலிக்கத்தானே செய்யும், அப்புறம் எப்படிப் பொய்யாகும்? நீ முதல் லீவுக்கு வந்தபோது துணியில் தைத்த இடுப்பு எலும்பும் ஒரு ரப்பர் பொம்மையும் கொண்டுவந்து, பிள்ளையின் தலை எப்படித் திரும்பி இறங்குகிறது என்று என் மடியில் வைத்துக் காட்டினாயே, மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வழி விடும் என்றாயே, அதை நான் இன்றுவரை ரெண்டு உள்ளங்கையையும் வைத்துத் தெருவில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். ரொட்டிக்கடைக்காரர், பெரியவரே போதும், எனக்கு மாவு பிசையற நேரம் என்று ஓடுகிறார். அன்றைக்கு நீ எவ்வளவோ சொன்னாய், இந்த வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை. அதனால் நானே விசாரிக்கப் புறப்பட்டேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், ஏங்க, வயசான காலத்துல தெருவுல போய்ப் பொம்பளைங்ககிட்ட இதெல்லாமா கேப்பீங்க என்றாள். கேட்டால் என்ன, கடிக்கவா போகிறார்கள்.

முதலில் கீழ்வீட்டு டெய்லர் அக்காவிடம் கேட்டேன். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு சிரித்ததில் ஒரு ஊசி கீழே விழுந்து, அதை ரெண்டு பேரும் தேடி எடுத்த பிறகுதான் பதில் வந்தது. என்ன, பொண்ணுக்குப் பதிலா நீங்க பரீட்சை எழுதப் போறீங்களா என்றாள். எழுதத் தெரிந்தால் எழுதிவிடுவேன் என்றேன். நாங்க அதைச் சூட்டு வலின்னுதான் சொல்லுவோம், எழுந்து நாலு நடை நடந்தா அடங்கிடும், அடங்கலைன்னா ஆஸ்பத்திரி என்றாள். நடந்தால் அடங்கும் என்பது சரியா, அது ஏன் அப்படி, நீ எழுது. அப்புறம் ரொட்டிக்கடைக்காரர் சம்சாரம், அவள் அடுப்புக்குப் பின்னாலிருந்தே, வலி வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும் அண்ணே, உள்ள ஆள் இருக்கான்னு பாக்கத்தான் என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். மூன்றாவதாக மாடிவீட்டு பஸ் கண்டக்டர் அம்மா, அவர்கள் டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் படியிறங்கிக்கொண்டே, எனக்கு ஒரு வாரம் வந்து வந்து போச்சு தாத்தா, எங்க டாக்டரம்மா உடம்பு பழகிப் பாக்குதுன்னாங்க, ஏன் கேக்கறீங்க, வீட்டுல விசேஷமா என்று கேட்டுவிட்டு என் தலை நரையைப் பார்த்து அவர்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று வார்த்தை கிடைத்தது, ஒருத்தி வாயிலும் பொய் என்பது வரவில்லை. வலித்தவர்கள் யாரும் அந்தப் பேரை வைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே வந்து இதை உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினீங்களே, என்னைக் கேக்கணும்னு தோணலையா என்றாள். சரி, உனக்கு என்ன சொன்னார்கள் என்றேன். எனக்குத் தெரிந்தே இருக்க வேண்டிய விஷயம் அது, மகளே. நீ பிறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளுக்கு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம், அன்றைக்கு நான் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை, பஸ்ஸில் பின்பக்கம் மூன்றாவது சீட், எல்லாம் இந்த நிமிஷம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அங்கே கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ், பொய்வலிதாங்க, கூட்டிட்டுப் போங்க என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன் அம்மாவைப் பார்த்து, பொய் சொல்லி என் லீவைக் கெடுத்துட்டியேடி என்று நாலு பேர் கேட்க வேடிக்கை பண்ணினேன். கண்டக்டரும் சிரித்தார், நானும் சிரித்தேன், உன் அம்மாவும் சிரித்தாள் என்றுதான் இத்தனை வருஷமாக என் ஞாபகத்தில் இருந்தது. நான் சிரிக்கல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன் என்கிறாள் இப்போது. நான் எதையும் மறக்கமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிறவன், இதைத் தப்பாகவே முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்திருக்கிறேன்.

ஞாயிறு தாண்டி திங்கட்கிழமை நீ பிறந்தாய். நான் பிரஸ்ஸில் நோட்டுப் புத்தகத்துக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன், டெய்லர் அக்கா வீட்டுக்காரர் ஓடிவந்து கூப்பிட்டார், நான் போய்ச் சேரும்போது நம் வீட்டுக் கதவு தள்ளினாலும் திறக்கவில்லை, உள்ளே உன் அம்மா கதவை மறித்துப் படுத்திருந்தாள், டெய்லர் அக்கா நடைப்பக்கத்துச் சமையலறை ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து உன்னைக் கையில் ஏந்தியிருந்தாள். அப்பன் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும்கூடப் பொறுக்கல, என்ன அவசரமோ என்று நான்தான் முதலில் சொன்னேன். அவசரக்காரி என்ற பேர் அன்றைக்கு அந்த வாசலில் வந்தது. உன் கல்யாணத்தில் சொன்னேன், மாப்பிள்ளையிடம் சொன்னேன், உன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நேற்று உன் அம்மாவைக் கேட்டேன், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வலி எடுத்தது என்று. இப்பத்தான் கேக்கத் தோணுச்சா என்றாள். காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதே எடுத்ததாம். நான் செருப்பைத் தேடியதும், அவள் தேடி எடுத்துக் கொடுத்ததும் அந்த வலியோடுதான். ஏன் சொல்லவில்லை என்றேன். பொய்னு ஒரு தடவை கேட்டாச்சு, ரெண்டாவது தடவை கேட்டுக்க எனக்குத் தெம்பு இல்ல, தலை தெரிஞ்ச பிறகு சொன்னா யாரும் பொய்னு சொல்ல முடியாதில்ல என்று சொல்லிவிட்டுச் சின்னவளின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து மடித்தாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, மணி கேட்டால் மணி சொல்கிற மாதிரி சொன்னாள்.

இந்த இடத்தில் மாப்பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டு, மாமா இதையெல்லாம் எழுதணுமா என்றார். எழுதுங்கள் என்றேன். சின்னவள் பிறந்த சமயத்தில் தானும் ஏதோ சொன்னதாக அவருக்கு இப்போது ஞாபகம் வந்து முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அதை அவர் தனித் தாளில் எழுதட்டும், நான் காது கொடுக்கமாட்டேன்.

ஆகையால் முதல் விஷயம், நீ அவசரக்காரி இல்லை. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உன் அம்மா உன்னை அடக்கி வைத்திருந்தாள், நீ பொறுமையாகத்தான் வந்தாய். பேர் வைத்தவன் நான், இனி இந்த வீட்டில் அந்தப் பேர் கிடையாது, சின்னவளிடமும் சொல்லிவிட்டேன், அப்ப அம்மாவை என்னன்னு கூப்பிடறது என்று கேட்டாள், அம்மா என்று கூப்பிடு என்றேன். ரெண்டாவது, நீ செய்தது தப்பு இல்லை என்று உன்னைத் தடவிக் கொடுக்க நான் இதைச் சொல்லவில்லை. தப்புதான். அந்த மாமியார் வாயைத் திறந்தபோது நீ நின்று, அம்மா, அவங்க நடிக்கல, வலி நிஜம், பிள்ளைதான் இன்னும் கிளம்பல என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று யோசித்துப் பார். அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸுக்கு என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது. உன் அம்மா போய்ச் சொல்லவில்லை, அவரும் வந்து கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனை பேருக்கு அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பினாரோ, அதில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ. உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த ஒருத்தி அந்த வார்டை விட்டு வெளியே வந்துவிட்டால், தெரியாதவர்கள்தானே மிச்சம்.

மாப்பிள்ளைக்கு நீ வந்தால் தேவலை. அதை அவர் வாயால் சொல்லமாட்டார், ரெண்டு தடவை குழம்பு தீய்ந்தது, ப்ரிட்ஜ் ரிப்பேர்க் கடையிலிருந்து மத்தியானம் ஓடிவந்து சின்னவளுக்குத் தலை பின்னுகிறார், பின்னல் ஒரு பக்கம் கிழக்கும் ஒரு பக்கம் மேற்குமாகப் போகிறது. இதையும் அவர் கையாலேயே எழுத வைத்துவிட்டேன், முறைக்கிறார். இருந்தும் நீ கேட்டதற்கு என்ன எழுதட்டும் மாமா என்று அவர் கேட்டதை அவரிடமே நான் திருப்பிக் கேட்டபோது, தாளைப் பார்த்துக்கொண்டே, இன்னும் ஒன்றரை வருஷம்தானே மாமா, பின்னல் பழகிடுவேன் என்றார்.

திங்கட்கிழமைக்கு முன்னால், சனிக்கிழமையே ஐந்தாம் வார்டுக்குப் போ. புத்தகம் கொண்டு போகாதே. மன்னிப்பு கேட்கிற சாக்கில் நீயே பேசிக்கொண்டிருக்காதே, அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு உனக்கு வலி எப்படி இருந்தது, எந்த மணிக்கு எடுத்தது என்று கேள். மாமியார் குறுக்கே பேசினால் அவங்க சொல்லட்டும்மா என்று சொல். அவள் திட்டினால் வாங்கிக்கொள். நான் கேட்க முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று, உனக்கு ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. அவள் சொன்னதையும் சேர்த்து டியூட்டர் அம்மாவுக்கு எழுதிக் கொடு, நீ சொன்ன வார்த்தையை மாற்றாமல் அப்படியே எழுது. அதற்குப் பிறகும் அவர்கள் போ என்று அனுப்பினால் இது உன் வீடு, ஒரு கேள்வி கேட்கமாட்டோம், வா. அவர்கள் அனுப்பாதபோது நீயாக உன்னை அனுப்பிக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு, பகல் டியூட்டி முடிந்ததும் காலை உயர்த்தி வைத்துப் படு, உன்னோடு தங்கியிருக்கிற சின்னப் பெண்கள் யாராவது உன்னைப் பார்த்துக் கண் கலங்கினால் அவர்களுக்கும் நடந்ததைச் சொல், அவர்களும் நாளைக்கு இதே வார்த்தையைச் சொல்லப் போகிறவர்கள். நீ நீண்ட ஆயுசோடு, கை ராசியோடு, தொட்ட பிள்ளைகளெல்லாம் அழுதுகொண்டே பிறக்க நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காதே, நடந்தால் வலி ஏன் அடங்குகிறது என்று விவரமாக எழுது, டெய்லர் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் உனக்கு என்ன சொன்னாள் என்பதையும் எழுது, அதை உன் அம்மா தானே கேட்க வேண்டுமாம், பெரியவளிடம் தனக்கு மட்டும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா, இடது கைப் பெருவிரல் ரேகை,
பக்கத்திலேயே, கேட்காமல் மையைத் தொட்டு வைத்தது, உன் அம்மாவுடையது.